குரங்கணியில் ஒரு தராசுப் பாட்டு

மலையடிவாரப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று போடிநாயக்கனூர் கிறிஸ்தவ சபையிலிருந்து கேட்டிருந்தார்கள். எங்கள் பாளையங்கோட்டையில் பாடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. காலாண்டு விடுமுறையில் வீட்டை விட்டுக் கிளம்பக்கூடியவர்களுக்குத்தான் பஞ்சம். கல்யாணம் ஆகாத டீச்சர் என்றால் சபைக்குப் பொதுச்சொத்து மாதிரி. ஆகவே என்னை அனுப்பினார்கள். எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, மழை கொஞ்சம் முந்திக்கொண்ட வருடம் அது.

தனியாக அனுப்பவில்லை. தலைவராகச் சாமுவேல் அண்ணன் வந்தார். அவர் பெங்களூருக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். பயிற்சி என்றால் என்ன என்று கேட்டுவிடக் கூடாது. மதுரை தாண்டும்வரை சொல்வார். "ரூபி, பிள்ளைங்களுக்குப் பாட்டைச் சொல்லிக் குடுக்கவே கூடாது. அவங்களாக் கண்டுபிடிக்கணும். நாம வழி விட்டு நிக்கணும்" என்றார். பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டிய பாட்டுகளையெல்லாம் ஏற்கெனவே அச்சடித்துப் பெட்டியில் வைத்திருந்தார்.

பெட்டியைத் தவிர ஒரு பலகையும் வந்தது. அதில் நீலக் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். துணியில் வெட்டிய படங்களை அதன்மேல் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரயிலில் அது ஒரு ஆளின் இடத்தை அடைத்துக்கொண்டது. டிக்கெட் பரிசோதகர் அதைப் பார்த்து, "கேரம் போர்டா சார்?" என்று கேட்டார். அண்ணன் அரை மணி நேரம் அவருக்கும் வகுப்பெடுத்தார். பாவம், மனிதர் அடுத்த பெட்டிக்குப் போகவே முடியவில்லை.

போடியில் எங்களுக்குத் தங்குமிடம் தேவசகாயம் மூப்பர் வீட்டு மாடி. மூப்பர் சபையின் தூண். ஏலக்காய் மண்டி வைத்திருந்தார். மலையிலிருந்து சிறு விவசாயிகள் கொண்டுவரும் காயை வாங்கி, ஏலத்தில் பெரிய வியாபாரிகளுக்கு விற்பார். கோயிலுக்கு மணி வாங்கிக்கொடுத்தது அவர். கூரைக்கு ஓடு போட்டது அவர். எங்கள் முகாமுக்கு ஜீப்பும் பிள்ளைகளுக்குப் பன்னும் டீயும் அவர் உபயம். பாடும்போது கீழ்க்குரலில் அவர் சேர்ந்தால் ஜன்னல் அதிரும்.

அந்த வீட்டில் ஏலக்காய் வாசனை இல்லாத பொருள் எதுவுமே இல்லை. டீயில் ஏலக்காய், பாயசத்தில் ஏலக்காய், இவை நியாயம். போர்வையில், தலையணையில், சோப்பில், குடிக்கிற தண்ணீரில்கூட அதுதான். ஊரில் என் அம்மா ஏலக்காயைக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் எண்ணி எடுத்துவிட்டு டப்பாவைப் பூட்டிவைப்பாள். இங்கே காலில் மிதிபடுகிறது. மூப்பரின் மனைவி மூன்று வேளையும் ஆட்டுக்கறியோடு நின்றார். "வெக்கப்படாமச் சாப்பிடுங்க டீச்சர். வந்ததுக்கு எளைச்சுப்போயிப் போனா எங்களைத்தேன் பேசுவாக." நான் வெட்கப்படவில்லை. அண்ணன் என்னைவிடவும் வெட்கப்படவில்லை.

திங்கட்கிழமை காலை ஜீப்பில் குரங்கணிக்குப் புறப்பட்டோம். ஓட்டியவர் செல்லையா. மூப்பரின் ஜீப்பை ஓட்டுவதும் மூப்பரின் தராசைப் பிடிப்பதும் அவரே. நல்ல உயரம், குறைவான பேச்சு. வழியெல்லாம் மாந்தோப்பும் இலவ மரமும். மலை நெருங்க நெருங்க அண்ணன் பரவசமாகிப் பாட ஆரம்பித்தார். ஒரு திருப்பத்தில் செல்லையா போட்ட பிரேக்கில் அந்தப் பாட்டு பாதியில் நின்றது. குறுக்கே மட்டக்குதிரைகள் மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தன. அவை எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

ஜெபக்கூடம் என்பது தகரம் போட்ட ஒரு கொட்டகை. பிள்ளைகள் நிறைய வந்திருந்தார்கள். சபைப் பிள்ளைகள் கால்வாசி இருந்தால் அதிகம். மற்றவர்கள் மலைக்காட்டில் காய் போட்டிருக்கும் விவசாயிகளின் பிள்ளைகள். அவர்களைக் கூட்டிவந்தது பரிசுத்த ஆவி என்றார் அண்ணன். எனக்குப் பன் என்று தோன்றியது.

அண்ணன் பலகையை நிறுத்தி முதல் பாட்டைத் திறந்தார். அது இங்கிலீஷிலிருந்து பெங்களூரில் யாரோ தமிழாக்கியது. பனியை உருண்டையாக உருட்டி உருட்டி, அதுபோல அன்பும் பெரிதாக வேண்டும் என்று பொருள். பலகையில் மஞ்சள் முடிப் பையன் ஒருவன் தன் உயரத்துக்கு ஒரு வெள்ளை உருண்டையைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"பனி எப்பிடி சார் உருட்டுவாக?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. "பனின்னா கண்ணு தெரியாம மூடிக்கிட்டு வரும், அதானே? கையில சிக்காதே?"

"வெளிநாட்டுல சிக்கும்மா."

"படத்துல அந்தண்ணனுக்கு ஏன் தல நரைச்சிருக்கு?"

அண்ணன் புத்தகத்தைப் பார்த்தார். அதில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. அடுத்து ஒரு ஆட்டுக்குட்டிப் படம் ஒட்டினார். இவ்வளவு வெள்ளையாகவும் கொழுப்பாகவும் ஆடு இருக்க முடியாது, அதற்கு ஏதோ வீக்கம் என்று பின்வரிசையில் முடிவானது.

கேள்வி கேட்ட பெண்ணின் பெயர் பாண்டியம்மா. பத்து வயதிருக்கும். இடது இடுப்பில் தம்பி. அம்மாவும் அப்பாவும் காட்டுக்குப் போய்விடுவதால் தம்பியைப் பகல் முழுக்க அவள்தான் வைத்திருக்க வேண்டும். இறக்கிவிட்டால் கத்துவான். அதனால் அவள் பாட்டுக்கு உண்டான செய்கைகளை, அண்ணன் பாஷையில் ஆக்‌ஷனை, வலக் கையால் மட்டுமே செய்தாள். நட்சத்திரம் மின்னுவது ஒரு கையால், கடல் அலை ஒரு கையால். குரல் நல்ல குரல், தாளமும் பிசகவில்லை. மற்ற பிள்ளைகள் அண்ணனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் செய்தார்கள். மத்தியானத்துக்குள் அத்தனை பேரும் இல்லாத தம்பியை இடுப்பில் வைத்தபடி ஒற்றைக் கையால் நட்சத்திரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா ரூபி, தானாப் பிறக்குற ஒருமைப்பாடு!" என்றார் அண்ணன்.

டீக்கடையில் மேலே எஸ்டேட்டிலிருந்து வந்த மலையாளி ஒருவர் கடைக்காரரிடம் மலையாளத்தில் கேட்டார்: "இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பக்கமாக இடுப்புப் பிடிப்பா?" கடைக்காரர் எங்களைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் தலையசைத்துவிட்டு டீயை வேகமாகக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை பாண்டியம்மாவின் அப்பா வீரணன் வந்தார். தோளில் துண்டு, கையில் அரிவாள். அண்ணன் அரிவாளைப் பார்த்ததும் என் பின்னால் ஒரு அடி நகர்ந்தார்.

"டீச்சர், பிள்ளை பாட்டுப் படிக்கட்டும். நல்லாத்தேன் படிக்குது. பன்னு குடுக்குறீக, அதுவும் சரி. ஆனா பேரை மட்டும் மாத்திப்புடாதீக. எங்க ஆத்தா பேரு அது."

"மாத்த மாட்டோம்ணே. பாட்டு மட்டும்தான்" என்றேன்.

"அப்பச் சரி. சோலி கெடக்கு, வர்றேன்." அரிவாள் காட்டு வேலைக்குத்தான். அவர் போனபிறகு அண்ணன் முன்னால் வந்து, "அருமையான மனுசன்" என்றார்.

புதன்கிழமை மழை. போகும் வழியில் ஜீப்பின் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. நாங்கள் தள்ளினோம். சக்கரம் இன்னும் கீழே போனது. காலில் அட்டை ஏறியது. அண்ணன் தன் முழங்காலுக்கு மேல் ஒன்றைக் கண்டுபிடித்துக் கூவிய கூவல், அந்த வாரம் அவர் பாடிய எல்லாப் பாட்டையும்விட உச்ச ஸ்தாயி.

"பலகை ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க சார்" என்றார் செல்லையா. பிறகு அவரே பின்சீட்டைப் பார்த்தார்.

"அது பெங்களூர்லயிருந்து வந்தது!"

"அப்பக் கெட்டியாத்தேன் இருக்கும்."

இருந்தது. ஜீப் ஒரே மூச்சில் வெளியே வந்தது. பலகை திரும்பி வந்தபோது நீலம் என்று அதில் எதுவும் மிச்சமில்லை. பனி உருட்டும் பையனை ஒட்டிப் பார்த்தோம். சேற்றோடு வழுக்கிக் கீழே விழுந்தான். அண்ணன் ஜெபக்கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். "ரூபி, இன்னைக்கு நீ பாத்துக்க" என்றார்.

அந்த வருடப் பாடப்பொருள் உண்மை. பெட்டியில் உண்மைக்கான பாட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு கலங்கரை விளக்கமும் ஒரு கப்பல் தலைவனும் வருவார்கள். இந்தப் பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை. எதைப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தேன். வாரத்துக்கு ஒருமுறை வேப்பமரத்தில் தராசு கட்டிக் காய் எடை போடுவதைப் பார்த்திருப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து கும்மி மெட்டில் நாலு வரி கட்டினேன்.

தட்டு ரெண்டும் சரிசமமா
தள்ளாடாம நில்லு தராசே!
நட்ட நடுவுல முள்ளு நிக்கணும்
நாணயமா நில்லு தராசே!

பெரிய கவிதை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாம் முறை பாடும்போதே பிள்ளைகளின் வாயில் ஏறிவிட்டது. இரண்டு கைகளை நீட்டித் தட்டு காட்டினேன், ஆட்காட்டி விரலை நிமிர்த்தி முள் காட்டினேன். எல்லோரும் செய்தார்கள். பாண்டியம்மா மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"டீச்சர், எனக்கு ரெண்டு கை இல்ல. தம்பியை மூட்டையா வச்சுக்கிறவா?"

"வச்சுக்கோ."

தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தொங்கவிட்டாள். அவன் சிரித்தான். பாட்டில் "தள்ளாடாம நில்லு" வரும் இடத்தில் வலது முழங்காலைத் தூக்கித் தம்பியின் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தாள். அவன் அரையடி மேலே போனான். மற்ற பிள்ளைகள் உடனே ஆமாம் ஆமாம் என்று கத்தி முழங்காலைத் தூக்கினார்கள். "நாணயமா நில்லு" வரும்போது ஒரு பையன் இல்லாத மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி, முகர்ந்து பார்த்து, பின்னால் போட்டான். அதுவும் உடனே எல்லோருக்கும் பிடித்துப்போனது. சற்று நேரத்தில் கொட்டகையே முழங்கால் தூக்கி, கை அள்ளி, முகர்ந்து, பின்னால் போட்டு ஆடிக்கொண்டிருந்தது.

மூலையிலிருந்து அண்ணன் எழுந்து வந்துவிட்டார். கண்ணில் நீர். "இதைத்தான் நான் சொன்னேன். பிள்ளைங்களாக் கண்டுபிடிச்சிருக்காங்க!"

நான் பாண்டியம்மாவைக் கூப்பிட்டேன். "அது என்னம்மா முழங்காலு?"

"அது எடை போடுறது டீச்சர்."

"எடை போடறதுக்கு எதுக்கு முழங்காலு?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மூட்டைத் தட்டுக்கு அடியில செல்லையா மாமா முழங்காலைக் குடுப்பாக. அப்பத்தேன் முள்ளு நேரா நிக்கும். பொறவு சாம்பிளு ஒரு கை எடுப்பாக. அம்புட்டுத்தேன், எடை முடிஞ்சது."

அந்தப் பிள்ளைக்குத் தான் எதையும் காட்டிக்கொடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. நடக்கிறவனுக்குக் கால் வேண்டும் என்பதுபோல, எடை போடுகிறவனுக்கு முழங்கால் வேண்டும் என்று நம்பியிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் முழங்கால் இல்லாத எடையைப் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை எடை நாள். வகுப்பு விட்டதும் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றேன். தராசு தாழத் தொங்கியது. இறங்கிவந்த விவசாயிகள் மூட்டைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செல்லையா மூட்டையைத் தட்டில் ஏற்றினார், படிக்கல் வைத்தார், லேசாகக் குனிந்தார். முழங்கால் போன வேகமும் வந்த வேகமும் நல்ல தையல்காரன் ஊசி மாதிரி. தெரிந்து பார்க்காவிட்டால் தெரியாது. படிக்கல் குறைவாக இருந்தும் முள் நேராக நின்றது. பெரியவர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குரங்கணிக்கு ஜீப் கொண்டுவந்து காய் எடுக்கிறவர் மூப்பர் ஒருவர்தான். அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுப்பவரும் அவரே. பிறகு யார் யாருடைய முழங்காலைப் பார்ப்பது?

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஈரல் வறுவல். மூப்பர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையால் என் இலையில் வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாக இலையில் மிச்சம் வைத்தேன்.

மாடிக்குப் போனதும் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பியதும் முகம் வெளுத்தது. ஏனென்றால் சனிக்கிழமை நிறைவு விழா. அதற்குத் தலைமை மூப்பர். நிகழ்ச்சியில் தராசுப் பாட்டும் இருந்தது; அதைத் தன் கண்டுபிடிப்பு என்று அண்ணன் எல்லோரிடமும் ஏற்கெனவே விளம்பரம் செய்திருந்தார்.

"பனிப் பாட்டையே போட்டிருவமா?" என்றார்.

"பலகை செத்துப்போச்சுண்ணே."

அண்ணன் போதகரிடம் ஓடினார். போதகர் வயதில் சிறியவர், புதுசாக வந்தவர். மூப்பர் போட்ட ஓட்டின் கீழே பிரசங்கிப்பவர். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஜெபித்துவிட்டு ஒரு வழி சொன்னார்: பாட்டு இருக்கட்டும், கால் வேண்டாம்.

"நீயே பிள்ளைங்ககிட்டப் பக்குவமாச் சொல்லிரு ரூபி."

"நான் சொல்ல மாட்டேன். கால் எதுக்கு வேண்டாம்னு அந்தப் பிள்ளை கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை அவர் சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதுதான் அந்த வாரத்தின் உச்சம். ஐந்து நாளாக, சார் என்ன செய்கிறாரோ அதை அப்படியே செய்ய வேண்டும் என்று பழக்கிய பிள்ளைகள் முன்னால் நின்று, "இந்த மாதிரி செய்யக் கூடாது" என்று தன் முழங்காலைத் தூக்கிக் காட்டினார். எல்லா முழங்கால்களும் மேலே போயின. "கூடாது!" என்று கையைக் கீழே அழுத்தினார். எல்லாக் கைகளும் கீழே அழுத்தின. மறுபடி முழங்கால், மறுபடி கை. கடைசியில் முழங்காலைத் தூக்குவது, அதைக் கையால் மறைப்பது என்று ஒரு புதிய செய்கை பாட்டில் சேர்ந்தது. பார்க்க முன்னைவிடக் கள்ளத்தனமாக இருந்தது.

கடைசியில் வாயால் சொன்னார்: "கால் தரையிலேயே இருக்கட்டும்."

"அப்ப எடை எப்பிடி சார் போடுறது?" என்றாள் பாண்டியம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தகரக் கூரையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் விழா. போடியிலிருந்து சபைக்காரர்கள் வேனில் வந்தார்கள். கொட்டகைக்குள் நாற்காலியில் சபை; வெளியே தரையில் ஊர். மூப்பர் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக நடுவில். செல்லையா ஜீப்பில் சாய்ந்து நின்றார். போதகர் ஜெபித்தார். சபைப் பிள்ளை ஒன்று வசனம் ஒப்பித்தது. பிறகு தராசுப் பாட்டு.

பிள்ளைகள் சொன்னபடியே நின்றார்கள். முதல் இரண்டு வரி கால் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டு சவலைப்பிள்ளை மாதிரி நடந்தது. வெளியே யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். அண்ணன் பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். அப்போதுதான் தம்பி நழுவினான். புதுச்சட்டை போட்டிருந்தார்கள், வழுக்கியிருக்கும். பாண்டியம்மா கைகளால் தொங்கிய அவனைத் தாங்க முழங்காலைத் தூக்கினாள். சரியாக "தள்ளாடாம நில்லு" வரும் இடம்.

அவ்வளவுதான். அத்தனை முழங்கால்களும் மேலே வந்தன. தாளம் உயிர்பெற்றது. கை அள்ளியது, முகர்ந்தது, பின்னால் போட்டது. அண்ணன் பதறிக் கையைக் கீழே அழுத்தினார். பிள்ளைகள் அழகாக முழங்காலைக் கையால் மறைத்தார்கள்.

வெளியே ஒரு கிழவர் சத்தமாக, "அடேய், செல்லையா காலுடா அது!" என்றார்.

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு வீரணன். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த ஊரே சிரித்தது. இத்தனை வருடம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த கண்களெல்லாம் ஒரே இடத்துக்குத் திரும்பின. ஜீப்பில் சாய்ந்திருந்த செல்லையா நிமிர்ந்து நின்றார். காலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். நாற்காலியில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு எதுவும் புரியவில்லை. புரிந்த பாதிப் பேர் தங்கள் பாட்டுப் புத்தகங்களை மும்முரமாகப் புரட்டினார்கள்.

மூப்பர் கைதட்டினார். எல்லோரையும்விட நீளமாகத் தட்டினார். பிறகு எழுந்து, தன் கையால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பென்சில் கொடுத்தார். பாண்டியம்மாவின் முறை வந்தபோது தம்பிக்கும் ஒன்று கொடுத்தார். அந்த மனிதரின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போடி கோயிலில் போதகரின் பிரசங்கம் எதிர்பாராத திசையில் போனது. முழங்கால் என்பது ஜெபத்துக்காகவே கொடுக்கப்பட்டது, அதை வேறு எதற்கும் பயன்படுத்துவது தகாது என்று உருக்கமாகச் சொன்னார். மூப்பரும் அவர் வீட்டாரும் மற்றவர்களோடு ஆமென் சொன்னார்கள். அந்த ஒரு நாள் நானும் மனப்பூர்வமாக ஆமென் சொன்னேன். ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. இனிமேல் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்று பாட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அண்ணன் அதை வழிமொழிந்துவிட்டு வந்து, தனக்கு வேறு வழி இல்லை என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் எங்களுக்குப் பஸ். காலையில் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று செல்லையாவின் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை எடை போடாமல் தங்கிப்போன மூட்டைகளை எடுக்க அவர் போனார். ஊர் தெரியும்போது, "டீச்சர், நான் சொன்னதைச் செய்யுற ஆளு" என்றார். யார் சொன்னதை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேப்பமரத்தடியில் அன்று பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம். யாரும் கூப்பிடவில்லை, விடுமுறை, வேடிக்கை பார்க்க வந்தவர்கள். வீரணனின் மூட்டை தட்டில் ஏறியது. படிக்கல் வைத்ததும் பின்னாலிருந்து ஒரு பொடியன் பாட்டை எடுத்தான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். "தள்ளாடாம நில்லு" வந்ததும் அத்தனை பேரும் செல்லையாவின் முழங்காலைப் பார்த்தார்கள், எப்போது தூக்குவார் என்று ஆவலாக.

செல்லையா தூக்கவில்லை. இரண்டு காலையும் சேர்த்துப் பாராவுக்கு நிற்கும் போலீஸ்காரர்போல நின்றார். மூட்டைத் தட்டு இறங்கித் தரையைத் தொட்டது. அவர் இன்னொரு படிக்கல் வைத்தார். பிறகு இன்னொரு சின்னக் கல். முள் நேராக வந்தது.

பாண்டியம்மா அருகில் போய்க் குனிந்து தட்டின் அடியைப் பார்த்தாள். எதுவும் இல்லை. "டீச்சர், காலு இல்லாமலேயே நிக்குது!" என்று கத்தினாள். அவள் முகத்தில் இருந்த ஆச்சரியத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வீரணன் கல்லையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதே காடு, இதே சாக்கு. போன தடவை ஏன்யா இம்புட்டு வரல?"

"எடை இருக்கட்டும்ணே" என்றார் செல்லையா தரையைப் பார்த்துக்கொண்டு. "வெலை எறங்கிருச்சுன்னு முதலாளி சொல்லச் சொன்னாக. போன வாரத்து வெலை இல்ல."

பெரியவர்கள் முகத்திலிருந்த சிரிப்பு அடங்கியது. வீரணன் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், வெலைக்கும் ஏதாச்சும் பாட்டு இருக்கா?"

இல்லை என்றேன். அவர் மூட்டையைத் தட்டிலிருந்து இறக்கினார், வாயைக் கயிற்றால் கட்டினார், பக்கத்தில் நின்ற மட்டக்குதிரைமேல் ஏற்றினார். "போடியில ஏலக்கடை திறந்துதேனே கெடக்கு. நானே கொண்டுபோய்ப் போடுறேன். என்ன, ஒரு நாள் சோலி கெடும்." வேறு இரண்டு பேரும் எழுந்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். கைமாற்று வாங்கியவர்களாக இருக்கும். அவர்களுடைய மூட்டைகளைச் செல்லையா எடை போட்டார். பிள்ளைகள் பாடிக்கொண்டே இருந்ததால் அவரால் காலை அசைக்க முடியவில்லை.

பஸ் நிலையத்துக்கு மூப்பரே வந்துவிட்டார். இலைபோட்டுக் கட்டிய பிரியாணிப் பொட்டலம், ஆளுக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய முறையில் சில குறைகள் இருப்பதாகவும் அவற்றைச் சரிசெய்துவிடுவதாகவும் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். மூப்பர் அவரைத் தட்டிக்கொடுத்து உள்ளே ஏற்றிவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். டிரைவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

"டீச்சர், பாட்டு நல்லாத்தேன் இருந்துச்சு" என்றார். "நானும் ஞாயித்துக்கெழமைப் பள்ளியில படிச்சவந்தேன். தராசைப் பத்தி, படிக்கல்லைப் பத்தி இருக்குற வசனமெல்லாம் இன்னைக்கும் ஒரு எழுத்துப் பிசகாம ஒப்பிப்பேன். பரிசுகூட வாங்கியிருக்கேன்." பஸ் நகர ஆரம்பித்தது. அவரும் இரண்டு எட்டுக் கூடவே நடந்தார். "எங்களுக்கு ஆக்‌ஷன் இல்லாமச் சொல்லிக் குடுத்துட்டாக."

அவர் சிரிக்கவில்லை.